ஒவ்வொரு பிரதியும் வேறு: ஒரு வதந்தியின் வரலாறு

1

'சூப்பர் மாரியோ 64' என்கிற வீடியோ கேம் 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 24 ஆண்டுகள் கழித்து, கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020இல், அதைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பிரதியும் ஆடுபவருக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளுமாம். கேசட்டுக்குள் ஒரு செயற்கை அறிவு ஒளிந்திருக்கிறதாம். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், எந்தக் கதவுக்கு முன்னால் தயங்குகிறீர்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி அறைகளையும் காசுகளையும் நட்சத்திரங்களையும் இடம் மாற்றுமாம். என் கேசட்டில் அந்த அறையில் ஒரு நட்சத்திரம் இருந்தது, என் சிநேகிதனுடையதில் இல்லை என்று ஆளுக்கொரு சாட்சியம். பாதி விளையாட்டாகச் சொன்னார்கள், பாதி நம்பியும் சொன்னார்கள். வதந்தி எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தானே உயிர் வாழ்கிறது.

இது உண்மையில்லை. அந்தக் கேசட்டின் கொள்ளளவு 8 மெகாபைட். தொழிற்சாலையில் ஒருமுறை பதிந்துவிட்டால் அதில் எதுவும் மாறாது. ஆடுபவரைப் பற்றி நினைவில் வைத்துக்கொள்ள அதற்குக் கொடுக்கப்பட்ட இடம் வெறும் 512 பைட். ஒரு தபால் அட்டையில் எழுதுகிற அளவுகூடத் தேறாது. அதற்குள் நான்கு பேருடைய கணக்கு: எத்தனை நட்சத்திரம், எத்தனை காசு, எந்தக் கதவு திறந்தது. அவ்வளவுதான். உங்கள் பயத்தை எழுதி வைக்க அதில் இடமில்லை.

பொய் என்று ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் வதந்தியை மெய்யா பொய்யா என்று மட்டும் விசாரிப்பது போலீஸ்காரரின் வேலை. 1983இல் வெளியான தம் நூலில் ரணஜித் குஹா, காலனிய இந்தியாவின் விவசாயக் கிளர்ச்சிகளில் வதந்தி ஆற்றிய பங்கைத் தனியே எடுத்துப் பேசினார். அதிகாரிகள் புரளி என்று எழுதி வைத்ததை அவர் ஒரு கூட்டு மனத்தின் பேச்சாகப் படித்தார். சொன்னவர் யாரென்று தெரியாது, கேட்டவரெல்லாம் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார். அதனாலேயே அது எல்லோருடைய பேச்சாகவும் ஆகிறது. குழந்தைகளின் வீடியோ கேம் வதந்தியை விவசாயக் கிளர்ச்சியோடு ஒப்பிடுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஒப்பிடவில்லை. கேள்வியை மட்டும் கடன் வாங்குகிறேன். இந்தப் பொருளின்மேல், இந்த ஆண்டில், இப்படியொரு பேச்சு ஏன் கிளம்பியது?

2

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். மாரியோ ஒரு கோட்டைக்குள் சுற்றி 120 நட்சத்திரங்களைச் சேகரிக்க வேண்டும். கோட்டையின் பின்புறம் ஒரு முற்றம். அங்கே ஒரு சிலை, அதன் அடியில் கல்வெட்டுப் போல ஒரு பலகை. எழுத்து ஒரே மங்கல், படத்தின் அளவு அவ்வளவு சிறியது. பசங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு அதை 'எல் இஸ் ரியல் 2401' என்று படித்தார்கள். 'எல்' என்றால் லூயிஜி, மாரியோவின் தம்பி. இந்த ஆட்டத்தில் அவன் இல்லை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். 2401 காசு சேர்த்தால் வருவான் என்றது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, அங்கே எழுதியிருப்பது 'எட்டர்னல் ஸ்டார்' என்றது இன்னொரு கட்சி. 2020 ஜூலையில் நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய உள்கோப்புகள் கசிந்தபோது, லூயிஜியின் உருவத்துக்கான துண்டுகள் அவற்றில் கிடைத்தன. இருவர் ஆடும் ஆட்டமாகத் திட்டமிட்டுப் பிறகு கைவிட்டிருக்கிறார்கள். ஆட்டம் வெளிவந்து 24 ஆண்டு 1 மாதம் ஆகியிருக்கிறது, பார்த்தீர்களா 2401 பலித்துவிட்டது என்று சிலர் கூத்தாடினார்கள்.

இன்னொரு சேதி. இது வதந்தி இல்லை, உண்மை. ஆட்டத்தில் 'டைனி-ஹியூஜ் ஐலண்ட்' என்றொரு தீவு. அங்கே ஒரு காசு எடுக்க முடியாத இடத்தில், தரைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. செய்தவர்கள் வைத்த இடம் பிசகிவிட்டது. அந்த ஒற்றைக் காசால் யாருக்கும் ஆதாயமில்லை. அது இல்லாமலே 120 நட்சத்திரத்தையும் எடுத்துவிடலாம். ஆனாலும் அதை விடாமல் துரத்தினார்கள். தரை என்பதை இந்த நிரல் எப்படிக் கணக்கிடுகிறது, காசு எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று பிரித்து மேய்ந்தார்கள். 2014இல், ஆட்டம் வந்து 18 ஆண்டுக்குப் பிறகு, காட்சியை ஒவ்வொரு கணமாக நிறுத்தி நகர்த்தும் கருவிகளின் துணையோடு ஓர் ஆட்டக்காரர் அந்தக் காசை எடுத்துக் காட்டினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் காசு எல்லாக் கேசட்டிலும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பலகை எல்லோர் வீட்டிலும் அதே அளவுக்குத்தான் மங்கலாக இருந்தது. ஒசாகாவில் இருப்பவரும் டெக்ஸாஸில் இருப்பவரும் அதைப் பற்றிச் சண்டை போட முடிந்ததற்குக் காரணம் அந்த ஒற்றுமைதான். பிரதிகளுக்குள் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1997 ஜூலையில் ஜப்பானில் ஒரு திருத்திய பதிப்பு வந்தது. பின்பக்கமாக எகிறிக் குதித்துச் சுவரையும் பூட்டிய படிகளையும் தாண்டிப் போகிற ஒரு கோளாறை அதில் அடைத்துவிட்டார்கள். ஆனால் இது பதிப்புக்குப் பதிப்பு உள்ள வேறுபாடு. நம் புத்தகங்களின் முதற்பதிப்புக்கும் மறுபதிப்புக்கும் இருக்கிற மாதிரி. யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து அது மாறவில்லை.

வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில், இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைத்துவிடுகிறது என்றார். மூலம் என்று ஒன்று இல்லை, எல்லாமே நகல். அதில் அவர் ஒரு விடுதலையையும் பார்த்தார். லட்சக்கணக்கில் வார்த்து எடுத்த ஒரே மாதிரிக் கேசட்டை வாங்கிய ஒரு சிறுவன், இது எனக்கென்றே ஆனது என்று கற்பனை செய்வதை, கரைந்துபோன அந்த ஒளிவட்டத்தைத் திரும்பக் கேட்கும் ஏக்கமாகப் படிக்கலாம். ஆனால் ஏக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அதே ஆண்டில் அதே ஜப்பானில் இன்னொரு ஆட்டம் வந்தது. அங்கே இந்த வேறுபாடு கற்பனையாக இல்லாமல், வடிவமைப்பாகவே இருந்தது.

3

1996 பிப்ரவரி 27 அன்று வெளியான 'போக்கிமான்' ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேகரித்தவர். அந்த அனுபவத்தையே ஆட்டமாக்கினார். சேகரிக்க வேண்டிய ஜந்துக்களுக்குப் பட்டியல் உண்டு. ஆனால் கடையில் இரண்டு கேசட் இருந்தன, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. சிவப்பில் கிடைக்கிற சில ஜந்துகள் பச்சையில் கிடைக்காது, பச்சையில் உள்ள சில சிவப்பில் இல்லை. பட்டியலை நிரப்ப வேண்டுமென்றால் மற்ற நிறம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போய், இரண்டு பெட்டியையும் ஒரு வடத்தால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தாக வேண்டும். இன்னொருவரிடமிருந்து வாங்கிய ஜந்து, சொந்தமாகப் பிடித்ததைவிட வேகமாக வளரும் என்று ஒரு விதி வேறு.

தொடக்கத்தில் இதைவிடப் பெரிய திட்டம் இருந்தது. ஆட்டத்தைத் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பொறுத்து அவரவர் உலகமே வேறுபடும்படி செய்யலாமா என்று யோசித்ததாக அதன் பின்னணியில் இருந்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தவுடன் புரிகிற மாதிரி இருக்கட்டும், நிறத்தால் பிரித்துவிடுங்கள் என்ற யோசனை வந்தது ஷிகேரு மியாமோட்டோவிடமிருந்து. மாரியோவை உருவாக்கிய அதே மியாமோட்டோ. ஆக, ஒவ்வொரு பிரதியும் வேறு என்ற எண்ணம் 1996க்கு முன்பே ஆட்டம் செய்பவர்களின் மேசையில் இருந்தது. மாரியோ வதந்தி அதைத் தவறான கேசட்டின்மேல் ஏற்றிச் சொன்னது, அவ்வளவுதான்.

போக்கிமானின் வேறுபாடுகளில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது மியு. ஆட்டம் முடிந்து, சோதனைக்கான நிரலை நீக்கியபோது கேசட்டில் ஏறத்தாழ 300 பைட் இடம் மிஞ்சியது. ஷிகேகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் அதில் 151ஆவது ஜந்து ஒன்றைப் போட்டு வைத்தார். ஆடுபவருக்குக் கிடைக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் கோளாறுகளின் வழியே அது சிலர் திரையில் தலைகாட்டியது. பள்ளிக்கூடங்களில் பேச்சு பரவியது. நிறுவனம் முழித்துக்கொண்டது. ஒரு சிறுவர் இதழின் மூலம் 20 பேருக்கு மியுவைத் தருவதாக அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 78 ஆயிரம் பேர். வதந்தியை மூலதனம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட முதல் தருணங்களில் இது ஒன்று.

இரண்டாவது மிஸ்ஸிங்நோ. இது 1998இல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் பதிப்பில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் ஊரில் ஒரு கிழவர் ஜந்து பிடிப்பது எப்படி என்று கற்றுத்தருவார். அந்த நேரம் திரையில் உங்கள் பெயருக்குப் பதிலாக அவர் பெயர் வர வேண்டும். அதற்காக நிரல் உங்கள் பெயரைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் எழுதி வைக்கிறது. அந்த இடம், புல்வெளியில் வரக்கூடிய ஜந்துக்களின் பட்டியலுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கிருந்து நேராக ஒரு தீவின் கீழைக் கரைக்குப் போய் நீந்தினால், அந்தக் கரைக்கெனத் தனிப் பட்டியல் இல்லாததால், நிரல் அங்கே மிச்சம் கிடப்பதை எடுத்துப் படிக்கிறது. உங்கள் பெயரின் எழுத்துகள் ஜந்துக்களாக வந்து நிற்கின்றன. சிலர் பெயருக்கு மேலும் கீழும் சிதைந்த ஓர் உருவம் வரும். அதுதான் மிஸ்ஸிங்நோ, 'எண் இல்லாதது'. அதைப் பார்த்த மாத்திரத்தில் பையில் ஆறாவதாக உள்ள பொருள் 128 கூடிவிடும். கிடைத்தற்கரிய பொருளை ஆறாவது இடத்தில் வைத்துவிட்டுப் பசங்கள் அந்தக் கரையில் போய் நீந்தினார்கள். இது கோளாறு, ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று 1999இல் நிறுவனம் எச்சரித்தது. யார் கேட்டார்கள்?

பெயருக்கு ஏற்ப மாறும் ஆட்டம்! வதந்தி சொன்னது இங்கே நிஜமாகவே நடந்தது, ஆனால் யாரும் திட்டமிடாமல். உன் பெயரை எடுத்து ஒளித்து வைத்த இயந்திரம் அதைத் திருப்பி வைக்கும் முன்பே நீ வந்து கேட்டுவிட்டாய். உழைப்பால் மட்டுமே பெறலாம் என்று ஆட்டம் விதித்த அருமையை, அந்த விபத்தின் வழியே சிறுவர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

மூன்றாவது ஸ்பிண்டா. 2002 நவம்பரில் வந்த பதிப்புகளில் ஒவ்வொரு ஜந்துவுக்கும் 32 பிட் நீளமுள்ள ஓர் எண் வழங்கப்பட்டது. ஸ்பிண்டா என்ற தள்ளாடும் கரடியின் மேல் உள்ள நான்கு புள்ளிகள் எங்கெங்கே விழ வேண்டும் என்பதை அந்த எண் முடிவு செய்யும். மொத்த வாய்ப்புகள் 429 கோடிக்கும் மேல். இதற்கு முன்பே, 1999 பதிப்புகளில் 8192இல் ஒரு முறை மட்டும் நிறம் மாறிய ஜந்து வரும் என்று வைத்திருந்தார்கள். இந்த எல்லாவற்றிலும் இயந்திரம் பகடை உருட்டுகிறது. உருட்டும்போது எதிரில் இருப்பது யார் என்று அது பார்ப்பதில்லை. பணக்கார வீட்டுப் பையனுக்கும் இரவல் வாங்கி ஆடுகிற பையனுக்கும் அதே 8192தான்.

4

ஆடுபவரைப் பார்த்து மாறும் ஆட்டங்களும் இருந்தன. 1986இல் ஜப்பானில் கம்பைல் நிறுவனம் செய்த 'ஸனாக்' என்ற விமானச் சண்டை ஆட்டத்தில் நீங்கள் எப்படிச் சுடுகிறீர்கள் என்பதைக் கவனித்து எதிரிகளின் தாக்குதல் கூடும், குறையும். 1996இல் தொடங்கிய 'கிராஷ் பாண்டிகூட்' வரிசையில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு காப்பு முகமூடியை ஆட்டமே சும்மா கொடுத்துவிடும், துரத்தி வரும் பாறை கொஞ்சம் மெதுவாக உருளும். நன்றாக ஆடுகிறவருக்கு இந்தச் சலுகை கண்ணில் படவே படாது. 2005இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' இன்னும் ஒரு படி மேலே போனது. கையில் தோட்டா குறைவாக இருந்தால், உடைக்கிற பெட்டியில் தோட்டா கிடைக்கும். அடிக்கடி செத்தால் எதிரிகளின் எண்ணிக்கை குறையும்.

வேடிக்கையைப் பாருங்கள். மாறாத மாரியோவைப் பற்றித்தான் மாறுகிறது என்ற வதந்தி கிளம்பியது. உண்மையிலேயே மாறிய கிராஷைப் பற்றி அப்படியொரு கதை பெரிதாக எழவில்லை. காரணம் எளிது. நல்ல தகவமைப்பு என்பது தெரியாமல் நடப்பது. பாறை மெதுவாக உருண்டது என்று நமக்குத் தெரிந்தால் ஜெயித்ததில் ருசியில்லை. தெரியாததால் 'நானே ஜெயித்தேன்' என்று நினைக்கிறோம். நம் திறமை என்று நாம் கருதுவதில் ஒரு பங்கு, நமக்குத் தெரியாமல் நமக்குக் கொடுக்கப்பட்டது. அல்தூசரை ஒரு காலத்தில் வரிக்கு வரி வாசித்தவர்களுக்கு இது புதிதாக இராது. கருத்தியல் வேலை செய்வதாகத் தெரிந்தால் அது வேலை செய்யாது.

இருந்தாலும் இந்தக் காலத்துத் தகவமைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கேசட்டையோ குறுவட்டையோ ஒருமுறை காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு நீ எத்தனை முறை செத்தாலும் நிறுவனத்துக்கு ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்காது. தோற்றுப்போகிற குழந்தைக்கு ஒரு முகமூடி கொடுப்பது, பந்தியில் கூச்சப்படுகிறவருக்கு இன்னொரு கரண்டி வைக்கிற மாதிரி. அது கவனித்தது, ஆனால் கணக்கு வைக்கவில்லை. கவனித்ததை எங்கும் அனுப்பவும் இல்லை.

5

வேறுபாடு என்பதையே சரக்காக விற்கும் தந்திரம் பழையது. தொண்ணூறுகளில் நம்மூரில் கிடைத்த மாரியோ, கான்ட்ரா கேசட்டுகளை நினைத்துப் பாருங்கள். நின்டெண்டோ பெட்டியின் மலிவான நகல்கள், அவற்றுக்கு '9999 இன் 1' என்று போட்ட கேசட்டுகள். திரையில் பட்டியல் முடிவில்லாமல் ஓடும். திறந்து பார்த்தால் ஆட்டம் ஏழெட்டுதான். மூன்றாம் கட்டத்தில் தொடங்கும் மாரியோ ஓர் எண், ஐந்தாம் கட்டத்தில் தொடங்கும் மாரியோ இன்னோர் எண். ஏமாந்தோம், ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஏமாந்தோம். அதை நினைத்து இன்றைக்குச் சிரிக்கவும் முடிகிறது.

ஜப்பானில் இந்தத் தந்திரத்துக்கு வேறொரு வம்சாவளி உண்டு. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும், உள்ளே என்ன பொம்மை என்று தெரியாது. பண்டாய் நிறுவனம் 1977இல் இந்த வியாபாரத்தில் இறங்கியது. 'கச்சா' என்ற பெயர் அந்தத் திருகலின் ஓசையிலிருந்து வந்தது. கைபேசி ஆட்டங்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. 2010ஐ ஒட்டி வந்த 'கம்ப்ளீட் கச்சா' என்ற வகையில், கச்சாவில் விழும் சில அட்டைகளை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் ஓர் அபூர்வ அட்டை கிடைக்கும்.

இதன் கணிதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். பத்து வகை அட்டைகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒன்பதைச் சேர்க்கச் சராசரியாக 19 முறை திருக வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் இன்னும் 10 முறை. ஏறக்குறைய முடித்துவிட்டோம் என்று தோன்றும் இடத்தில்தான் மூன்றில் ஒரு பங்குச் செலவு காத்திருக்கிறது. வாய்ப்புகள் சமமாக இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை, இந்த வகை 1962ஆம் ஆண்டின் பரிசுப்பொருள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு எதிரானது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. செய்தி வெளியானதும் கிரீ, டிஎன்ஏ நிறுவனங்களின் பங்குகள் தடாலென விழுந்தன. நிறுவனங்கள் கம்ப்ளீட் கச்சாவைக் கைவிட்டன. கச்சா மட்டும் போகவில்லை. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில ஆட்டங்களில் காசு கொடுத்து வாங்கும் மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது.

கச்சாகூட ஆள் பார்க்காத பகடைதான் என்று வாதிடலாம். அடுத்த கட்டம் அப்படியல்ல. 2017 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் யாரை யாரோடு மோதவிடுவது என்பது பற்றியது. ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியில் உங்களுக்கு ஆசை இருக்கலாம் என்று கணினி கணிக்கிறது. அந்தத் துப்பாக்கியை வைத்துப் பிரமாதமாக ஆடும் ஒருவரை உங்களுக்கு எதிரே நிறுத்துகிறது. நீங்கள் தோற்கிறீர்கள், பார்க்கிறீர்கள், வாங்குகிறீர்கள். வாங்கியவுடன், அந்தத் துப்பாக்கி நன்றாக எடுபடும் ஓர் ஆட்டத்தில் உங்களைச் சேர்க்கிறது. வாங்கியது வீண்போகவில்லை என்று உங்களுக்குத் தோன்ற வேண்டுமல்லவா. இதை எந்த ஆட்டத்திலும் நடைமுறைப்படுத்தவில்லை என்று நிறுவனம் அப்போது சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் இப்படியொன்றைச் செய்ய முடியும், செய்தால் லாபம் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி அரசாங்கத்திடம் முத்திரையும் வாங்கியிருக்கிறார். வரலாற்று ஆவணம் என்ற முறையில் நமக்கு அது போதும்.

கிராஷின் முகமூடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே ஆடுபவரைக் கவனிக்கின்றன, இரண்டுமே அவருக்குத் தெரியாமல் மாற்றுகின்றன. முன்னது தோல்வியைக் குறைத்தது. பின்னது தோல்வியை உற்பத்தி செய்கிறது. முன்னதில் கவனிப்பு கேசட்டோடு முடிந்தது. பின்னதில் கவனிப்பே மூலப்பொருள்.

இப்போது முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 2020இல் ஊரடங்கில் இருந்தவர்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த திரைகள் எல்லாம் உண்மையிலேயே அவரவருக்குத் தக்கபடி மாறும் திரைகள். நீ எங்கே தயங்குகிறாய், எதைப் பார்த்து நிற்கிறாய் என்று எழுதி வைக்கும் திரைகள். அந்த அனுபவத்தைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அதைத் தங்கள் குழந்தைப் பருவத்தின் மிக அப்பாவியான, மாறவே முடியாத ஒரு பொருளின்மேல் ஏற்றிச் சொன்னார்கள். மாரியோவைப் பற்றிய பொய், கைபேசியைப் பற்றிய உண்மை.

6

'பிரதி' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் அதற்கு நகல் என்று பொருள். தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்கள் அதற்கு இன்னொரு பொருளையும் ஏற்றின. படைப்பு என்பதை விட்டுவிட்டுப் பிரதி என்றோம். பார்த் 1967இல் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' பற்றி விடிய விடியப் பேசினோம். பிரதி ஒன்று, வாசிப்புகள் பல. ஒவ்வொரு வாசகரும் தன் பிரதியைத் தானே உண்டாக்குகிறார் என்றோம். ஆசிரியரின் அதிகாரத்திலிருந்து வாசகருக்குக் கிடைத்த விடுதலை என்று அதைக் கொண்டாடினோம். கொண்டாடியதில் தப்பில்லை. மங்கலான பலகையில் லூயிஜியைப் படித்த சிறுவர்கள் பார்த்தைப் படிக்காமலேயே அதைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் நாம் அன்றைக்குக் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. வாசிப்புகள் பலவாக இருக்க, கையில் இருக்கும் நகல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு துண்டறிக்கையை ஆயிரம் பேருக்குக் கொடுக்கிறோம். ஆயிரம் பேரும் ஆயிரம் விதமாகப் படிக்கட்டும், அடித்துக்கொள்ளட்டும். அடித்துக்கொள்வதற்கு அந்தத் தாள் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஆளுக்கொரு தாளை, அவரவர் மனசுக்குத் தக்க மாதிரி அச்சடித்துக் கொடுத்துவிட்டால் சண்டைக்கே இடமில்லை. உனக்கு அப்படி வந்ததா, எனக்கு இப்படி வந்தது என்பதோடு பேச்சு முடிந்துபோகும். வாசகர் பிரதியை உண்டாக்குவது வேறு, பிரதி வாசகரை உண்டாக்குவது வேறு. பன்மை என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதால் நாம் குழம்பிப் போகிறோம். தெலூஸ் 1990இல் எழுதிய கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றிய சிறு கட்டுரையில் இதன் சாயல் இருக்கிறது. பழைய அதிகாரம் அச்சு மாதிரி, எல்லோரையும் ஒரே வடிவில் வார்க்கும். புதியது கணத்துக்குக் கணம் தன்னையே மாற்றிக்கொள்ளும் அச்சு. ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சங்கம் கட்டினார்கள். ஆளுக்கொரு அச்சு என்றால் எதை வைத்து அடையாளம் காண்பது?

இது விளையாட்டோடு நிற்கிற விஷயமில்லை. அமெரிக்கச் சட்ட ஆய்வாளர் வீணா துபால் 2023இல், செயலிகளின் வழியே வண்டி ஓட்டும் தொழிலாளர்களின் கூலியைப் பற்றி எழுதினார். ஒரே வேலைக்கு ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் வேறு கூலி. எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இது சூதாட்டம் மாதிரி இருக்கிறது என்று ஓட்டுநர்களே சொல்லியிருக்கிறார்கள். முடிக்கப் போகிறோம் என்ற இடத்தில் அடுத்த சவாரி வராமல் போவதும், கச்சாவின் கடைசி அட்டை விழாமல் போவதும் ஒரே அனுபவம். கூலி உயர்வு கேட்பதற்கு முன்னால் கூலி என்ன என்பதே பொதுவாகத் தெரிய வேண்டியிருக்கிறது. அதற்கு அவர்களிடம் உள்ள வழி, இரண்டு கைபேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மிஸ்ஸிங்நோவைக் கண்டுபிடித்த சிறுவர்கள் செய்ததும் இதைத்தான்: உன் பெயருக்கு என்ன வந்தது, என் பெயருக்கு என்ன வந்தது?

வரலாறு எழுதுபவருக்கும் இதில் ஒரு கவலை உண்டு. 1996இன் கேசட்டை இன்றைக்கும் ஒருவர் திறந்து பார்க்கலாம். அந்தக் காசு அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு விதமாகச் சேவையகத்திலிருந்து வந்த ஆட்டத்துக்கு அப்படியொரு நகல் இல்லை. சேவையகத்தை நிறுத்தினால் ஆட்டமும் போச்சு, அது நம்மை என்ன செய்தது என்பதற்கான சாட்சியும் போச்சு. நாளைக்கு ஒருவர் 'அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, அது வெறும் வதந்தி' என்று சொன்னால் எடுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்?

தகவமைப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கை நடுங்குபவருக்கும், கண் சரியாகத் தெரியாதவருக்கும், புதிதாக ஆட வருகிற பாட்டிக்கும் ஆட்டம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். 2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற ஆட்டத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாமலே ஆடலாம். ஆனால் எல்லாம் பட்டியலாகக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். எதை மாற்றுவது என்று ஆடுபவரே முடிவு செய்வார், இயந்திரம் ஊகித்து மாற்றாது. ஆக, இது முடியாத காரியமில்லை. எனக்காக மாறுகிற எதுவும் எனக்குச் சொல்லிவிட்டு மாற வேண்டும், மாறாத வடிவம் எது என்று நான் கேட்டால் அதைக் காட்ட வேண்டும், என் பிரதியை அடுத்தவர் பிரதியோடு ஒப்பிட எனக்கு உரிமை வேண்டும். இந்த மூன்றையும் ஆட்டத்துக்கு மட்டும் கேட்பதா, கூலிக்கும் விலைக்கும் செய்திக்கும் தேர்தல் விளம்பரத்துக்கும் சேர்த்துக் கேட்பதா, எந்த அமைப்பு இதை எடுத்துப் பேசுவது என்பது நாம் விவாதிக்க வேண்டியது. விவாதிப்பதற்கு ஒரே தாள் நம் கையில் இருக்கிறபோதே தொடங்கினால் நல்லது.